கேப்டனிடம் கேளுங்கள்: கடற்கொள்ளையர் வழியில் கப்பல்

சோமாலியா பக்கம் மறுபடியும் கப்பல்களைப் பிடிக்கிறார்கள் என்று செய்தி வரத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. சம்பளம், சான்றிதழ், மருத்துவச் சோதனை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது கொள்ளையரைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களில் அம்மாக்கள்தான் அதிகம். சரி, இந்த முறை முழுவதும் அதற்கே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: என் மகன் ஜி.பி. ரேட்டிங் (மாலுமி வேலைக்கான) படிப்பு முடித்து முதல் கப்பலில் ஏறப்போகிறான். யேமனுக்கும் சோமாலியாவுக்கும் நடுவில் இருக்கும் ஏடன் வளைகுடா வழியாகப் போகும் கப்பல் என்கிறார்கள். நினைத்தால் தூக்கமே வரவில்லை. அனுப்பலாமா ஐயா?
*வாசகி, நாசரேத்*

அனுப்பலாம் அம்மா. அந்த வழியில் நான் கேடட்டாகவும் போயிருக்கிறேன், கேப்டனாகவும் போயிருக்கிறேன். ஆனால் எந்தக் கடல் என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய கப்பல் என்று கேளுங்கள். கொள்ளையரிடம் மாட்டிக்கொண்ட மாலுமி இரண்டு மாதத்தில் வீடு திரும்புவதும் மூன்று வருஷம் கழித்துத் திரும்புவதும் பெரும்பாலும் முதலாளியைப் பொறுத்த விஷயம்.

2008 செப்டம்பரில் ஏடன் வளைகுடாவில் ‘ஸ்டோல்ட் வேலர்’ என்ற ரசாயனக் கப்பலைக் கடத்தினார்கள். அதில் 18 பேர் நம் நாட்டவர்கள். நவம்பர் நடுவில் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள். 2010 மார்ச்சில் ஏடன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ‘ஐஸ்பெர்க் 1’ கடத்தப்பட்டது. 24 பேர் இருந்தார்கள், அதில் 6 பேர் இந்தியர். அவர்களை மீட்கப் பணம் வரவே இல்லை. சோமாலியாவின் பன்ட்லேண்ட் கடல் போலீஸ் 2012 டிசம்பரில் அந்தக் கப்பலைச் சுற்றி வளைத்துச் சண்டை போட்டுத்தான் மீட்டது. உயிரோடு வந்தவர்கள் 22 பேர். அதே கடல், அதே கொள்ளையர். ஒரு கப்பலுக்குப் பின்னால் காப்பீடும் பேச்சுவார்த்தை நடத்த ஆட்களும் இருந்தார்கள், இன்னொன்றுக்கு யாரும் இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வேலை வாங்கித் தரும் ஏஜென்ட்டுக்கு மும்பை கப்பல் துறைத் தலைமை இயக்ககம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று அந்த இயக்ககத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். நம்பரைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து சரிபாருங்கள். வேலைக்காகப் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் வாங்குவது சட்டவிரோதம். அதைவிட முக்கியம், காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுபவன் ஏற்றிவிடும் கப்பல் பெரும்பாலும் நாளைக்குக் கைவிடப்படும் கப்பல்.

அப்புறம் காண்ட்ராக்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஒப்பந்தத்தின் கீழ் ஓடும் கப்பல்களில், போர் அபாயப் பகுதி என்று அறிவித்த இடத்துக்குள் வர முடியாது என்று சொல்ல மாலுமிக்கு உரிமை உண்டு. கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு விஷயம் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2018-ல் செய்த திருத்தம் 2020 டிசம்பர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கொள்ளையர் பிடியில் இருக்கும் காலம் முழுவதும் மாலுமியின் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், சம்பளமும் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்கு முன்னால், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்தியவர்கள் உண்டு. மகன் கொள்ளையரிடம், வீட்டில் அரிசிக்குப் பணமில்லை என்ற நிலையில் தவித்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒப்பந்தத்தின் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கப்பலின் பெயர், அதன் ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), கம்பெனியின் அவசரத் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலின் பெயரை மாற்றலாம், கொடியை மாற்றலாம். ஐ.எம்.ஓ. எண் மட்டும் மாறாது.

கேள்வி: இத்தனை நாட்டுப் போர்க்கப்பல்கள் அங்கே நிற்கின்றன. சின்னப் படகில் ஏ.கே.47-ஐ வைத்துக்கொண்டு வரும் நாலைந்து பேரைத் தடுக்க முடியாதா?
*வாசகர், மதுரை*

கோபம் நியாயமானது. ஆனால் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொள்ளையர் வரும் படகை ஸ்கிஃப் என்போம். ஃபைபர் படகு, பின்னால் ஒன்றோ இரண்டோ அவுட்போர்டு இன்ஜின். வேகம் 25 நாட், அதாவது மணிக்கு 25 கடல் மைலுக்குக் குறையாது. பல்க் கேரியர் என்னும் மொத்தச் சரக்குக் கப்பல் சரக்கு நிறைந்திருந்தால் 12, 13 நாட் வேகத்தில் போகும். படகு நம் கண்ணில் பட்டதிலிருந்து கப்பலின் ஓரத்தில் ஏணி மாட்டும்வரை கிடைப்பது பல சமயம் 15 நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. அந்த அரை மணியில் முழு வேகத்தில் வரும் போர்க்கப்பலே 12, 13 கடல் மைல்தான் தாண்டும். கொள்ளையர் நடமாடிய கடலோ செங்கடல் வாயிலிலிருந்து லட்சத்தீவுப் பக்கம் வரை, தெற்கே மடகாஸ்கர் வரை. எத்தனை கப்பலை நிறுத்தினாலும் நிரப்ப முடியாது.

அதனால்தான் எல்லோரையும் ஒரே பாதையில் போக வைத்தார்கள். ஏடன் வளைகுடாவுக்கு நடுவே சுமார் 490 கடல் மைல் நீளத்துக்கு ஒரு வழித்தடம். போக ஒன்று, வர ஒன்று. ஒரே வேகமுள்ள கப்பல்களைக் குழுவாகச் சேர்த்து, ஆபத்தான இடத்தை இரவில் கடக்கும்படி நேரம் குறித்துக் கொடுத்தார்கள். நம் கடற்படை 2008 அக்டோபரிலேயே அங்கே போய்விட்டது. அந்த டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘அட்லாண்டா’ நடவடிக்கை தொடங்கியது, சீனக் கப்பல்களும் கிளம்பின. 2009-ல் அமெரிக்கா அமைத்த சி.டி.எஃப். 151 படையும் நேட்டோவின் ‘ஓஷன் ஷீல்டு’ம் சேர்ந்தன. வேறு எதிலும் ஒத்துப்போகாத நாடுகள் அங்கே ஒரே ரேடியோ சேனலில் பேசிக்கொண்டதை நான் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் மேல்தளத்தில்) நின்று கேட்டிருக்கிறேன்.

ஒரு முறை ஜோர்டானின் அகாபாவில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தோம். கப்பல் நன்றாக அமிழ்ந்திருந்தது, டெக் தண்ணீரிலிருந்து அதிக உயரமில்லை. இரு பக்கமும் பிளேடு கம்பி சுற்றியிருந்தோம். அதைக் கட்டுவது சாதாரண வேலையில்லை. தடித்த தோல் கையுறையையும் கிழித்து உள்ளே இறங்கும், டெக் ஆட்களின் தலைவரான போசன் கையெல்லாம் கீறல். பின்பக்கம் தீயணைப்புக் குழாய்களைக் கம்பியால் கட்டி, தண்ணீரை வெளியே பீய்ச்ச விட்டிருந்தோம். விடிகிற நேரம், யேமன் கரை மீன்பிடிப் படகுகளின் நடுவிலிருந்து இரண்டு ஸ்கிஃப்கள் பிரிந்து எங்கள் பின்னால் வந்தன. மீனவராக இருக்கலாம் என்றுதான் பைனாகுலரில் பார்த்தேன். வலை இல்லை, மீன் பெட்டி இல்லை. முன்படகில் நீளமான அலுமினிய ஏணி ஒன்று குறுக்கே கிடந்தது, அதன் நுனியில் வளைந்த கொக்கி. மீன் பிடிக்க ஏணி எதற்கு?

அலாரம் அடித்து, பிரிட்ஜில் வேண்டியவர்களைத் தவிர எல்லோரையும் உள்ளே அனுப்பினேன். இன்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றச் சொல்லி, சுக்கானை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தோம். அப்படித் திருப்பினால் கப்பல் ஓரத்தில் அலை எழும், சின்னப் படகு பக்கத்தில் ஒட்ட முடியாது. அவசர ரேடியோ சேனலான 16-ல் கூப்பிட்டதும் ஒரு போர்க்கப்பல் பதில் சொன்னது. இருபது நிமிடம் இருக்கும், ஹெலிகாப்டர் வந்துவிட்டது. அதன் சத்தம் கேட்டதும் படகில் இருந்தவர்கள் முதலில் செய்த வேலை, ஏணியைத் தூக்கிக் கடலில் போட்டதுதான். அப்புறம் துப்பாக்கிகளும் போயின. சோதனைக்குப் படகில் என்ன மிச்சம்? நாலைந்து ஆட்கள், கொஞ்சம் பெட்ரோல். மீன் பிடிக்க வந்தோம் என்றால் முடிந்தது கதை.

அந்த இருபது நிமிடத்தைத் தாக்குப்பிடிப்பது கப்பலில் இருப்பவர்களின் வேலை. கடற்படையின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இதைப் புரிந்துகொண்ட கப்பல்கள்தான் தப்பின.

வழித்தடத்தில் காவல் இறுகியதும் கொள்ளையர் நடுக்கடலுக்குப் போனார்கள். மீன்பிடிக் கப்பல்களைக் கடத்தி, அதில் இருந்தவர்களையே பிணையாக வைத்துக்கொண்டு, அதைத் தாய்க் கப்பலாக்கி, ஸ்கிஃப்களை இழுத்துக்கொண்டு ஆயிரம் மைல் வந்தார்கள். 2011-ல் லட்சத்தீவுப் பக்கமே வந்துவிட்டார்கள். அந்த மார்ச்சில் நம் ஐ.என்.எஸ். கல்பேனி, ‘வேகா 5’ என்ற மொசாம்பிக் மீன்பிடிக் கப்பலை மடக்கி 61 கொள்ளையரைப் பிடித்தது, பிணையாக இருந்த 13 பேரை மீட்டது. இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2008 நவம்பர் 18-ல் ஐ.என்.எஸ். தபார் ஒரு தாய்க் கப்பலை மூழ்கடித்தது. கொள்ளையர் சுட மிரட்டியதால் திருப்பிச் சுட்டோம் என்றது கடற்படை. ஆனால் அது கடத்தப்பட்ட தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்றும், பிணைகள் அதிலேயே இருந்தார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. அவர்களில் ஒருவர் பல நாள் கடலில் மிதந்து உயிர் பிழைத்தார். இரவில், தூரத்திலிருந்து, யார் கொள்ளையன் யார் பிணை என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் பலன் தெரியும். சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் (ஐ.எம்.பி.) கோலாலம்பூர் கடற்கொள்ளைத் தகவல் மையத்தின் கணக்குப்படி சோமாலியக் கொள்ளையரின் தாக்குதல்கள் 2011-ல் 237. 2012-ல் 75, 2013-ல் 15.

கேள்வி: 2024 ஜனவரியில் ஐ.என்.எஸ். சென்னை ‘லீலா நார்ஃபோக்’ கப்பலில் இருந்தவர்களை மீட்டது. கொள்ளையர் ஏறிய பிறகும் மாலுமிகளில் ஒருவரும் அவர்களிடம் பிடிபடவில்லையே, எப்படி?
*பொறியியல் மாணவர், கோவில்பட்டி*

எல்லோரும் சிட்டடல் என்ற பாதுகாப்பு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டதால்தான் தம்பி. 21 பேர், அதில் 15 பேர் இந்தியர். ஆயுதத்தோடு ஐந்தாறு பேர் ஏறிவிட்டார்கள் என்று தகவல் அனுப்பிவிட்டு உள்ளே போனார்கள். நம் கடற்படை விமானம் மேலே வட்டமிட்டது, ஐ.என்.எஸ். சென்னை பக்கத்தில் வந்தது, கடற்படையின் மார்க்கோஸ் கமாண்டோக்கள் ஏறித் தேடினார்கள். கொள்ளையர் அதற்குள் ஓடிவிட்டிருந்தார்கள்.

சிட்டடல் என்பது புதிதாகக் கட்டும் அறை இல்லை. பெரும்பாலும் இன்ஜின் ரூமையோ, சுக்கானைத் திருப்பும் இயந்திரம் இருக்கும் ஸ்டியரிங் கியர் ரூமையோதான் அப்படி மாற்றுவோம். கனமான இரும்புக் கதவு, உள்பக்கம் தாழ், தண்ணீர், பிஸ்கட், மருந்துப் பெட்டி, வாளி. வாளி எதற்கு என்று கேட்காதே, இரண்டு நாள் உள்ளே இருக்க வேண்டி வரலாம். வெளியே ஆன்டெனா வைத்த சாட்டிலைட் போன் கட்டாயம். அந்த ஆன்டெனா கொள்ளையர் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டிவிடுவார்கள்.

கமாண்டோக்கள் ஏற வேண்டுமென்றால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஒருவர் விடாமல் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே பேச முடிய வேண்டும். இன்ஜினை ஓட்டும் வசதி கொள்ளையர் கைக்குப் போயிருக்கக் கூடாது. ஒரே ஒரு சமையல்காரர் வெளியே மாட்டியிருந்தாலும் பெரும்பாலும் கடற்படை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே நான் டிரில் வைத்தால் முதலில் தலை எண்ணுவேன், மற்றதெல்லாம் அப்புறம். குளித்துக்கொண்டிருந்தேன், தூங்கிவிட்டேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. நீ கப்பலுக்குப் போனால் ஏறிய அன்றைக்கே உன் கேபினிலிருந்து சிட்டடலுக்கு விளக்கு இல்லாமல் நடந்து பழகிக்கொள்.

கேள்வி: கப்பலிலேயே துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன?
*வாசகர், குளச்சல்*

வைத்தார்கள். மாலுமிகள் கையில் கொடுக்கவில்லை, தனியார் காவலர்களை ஏற்றினார்கள். அதனால் பலன் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். சோமாலியக் கொள்ளை உச்சத்தில் இருந்தபோது ஆயுதக் காவலர் இருந்த எந்தக் கப்பலும் கடத்தப்படவில்லை. ஆனால் அதன் இன்னொரு பக்கம் உங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும்.

2012 பிப்ரவரி 15. கேரளக் கரைக்கு அப்பால் ‘எண்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். அதில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், கொள்ளையர் வருகிறார்கள் என்று நினைத்து ‘செயின்ட் ஆண்டனி’ என்ற மீன்பிடிப் படகின் மேல் சுட்டார்கள். இரண்டு மீனவர் செத்துப்போனார்கள். ஒருவர் கேரளம், இன்னொருவர் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர். வழக்கு வருஷக் கணக்கில் இழுத்து, 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம் வீரர்களை இந்தியாவில் விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் கட்டிய பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிக்க எவ்வளவு தூரம் போவார்கள் என்று ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் காவல் கம்பெனிக்குத் தெரியாது. மைல் கணக்கில் தூண்டில் கயிறு கிடக்கும். பெரிய கப்பல் அதன் மேல் வந்தால் மொத்தமும் போய்விடும். அதனால்தான் அவர்கள் கப்பலை நோக்கி வேகமாக வந்து கையை ஆட்டுவார்கள், துணியைக் காட்டுவார்கள். தெரியாதவன் கண்ணுக்கு அது தாக்குதல் மாதிரி இருக்கும். என் வாட்ச் ஆபீசர்களுக்கு நான் சொன்னது: படகில் ஏணி இருக்கிறதா பார், வலையோ கயிறோ இருக்கிறதா பார், பின்னால் இழுத்துக்கொண்டு எதுவும் வருகிறதா பார். அதைப் பார்த்துச் சொல்லாமல் யாரும் துப்பாக்கிப் பக்கம் போகக் கூடாது. நம் மீனவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கப்பலின் முன்பக்கமாக நெருங்காமல், வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ல் கூப்பிடுங்கள். இங்கிலீஷ் வராவிட்டாலும் ‘ஃபிஷிங் போட்’ என்று இரண்டு முறை சொன்னால் போதும்.

ஆயுதத்தால் இன்னொரு சிக்கலும் வந்தது. பல நாடுகள் தங்கள் துறைமுகத்துக்குள் துப்பாக்கியை விட மாட்டார்கள். அதனால் காவலர்களையும் ஆயுதத்தையும் நடுக்கடலில் ஏற்றி இறக்க, மிதக்கும் ஆயுதக் கிடங்காகவே சில கப்பல்கள் நின்றன. 2013 அக்டோபரில் அப்படிப்பட்ட ‘சீமேன் கார்டு ஓஹியோ’வை நம் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. 35 பேர், 35 துப்பாக்கிகள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. நான்கு வருஷம் போய்விட்டது அவர்களுக்கு. அந்தக் கூட்டத்தில் பலர் பட்டாளத்தில் இருந்துவிட்டுச் சம்பளத்துக்கு வந்தவர்கள். கப்பலையும் காகிதங்களையும் சரியாக வைத்திருக்க வேண்டியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

கேள்வி: பிடித்த கொள்ளையரை விட்டுவிடுகிறார்களாமே? உண்மையா?
*வாசகர், திருச்சி*

முன்பு ரொம்ப நடந்தது. ஆயுதத்தைப் பறித்து, படகில் கரைக்குப் போகும் அளவு பெட்ரோல் ஊற்றி, போய்ப் பிழை என்று அனுப்பிவிடுவார்கள். நடுக்கடலில் கொள்ளையரை எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம், தன் நாட்டிலேயே விசாரிக்கலாம் என்று ஐ.நா. கடல் சட்டம் சொல்கிறது. ஆனால் தன் நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் வேண்டுமே! ஐரோப்பியர் பிடித்த பலரைக் கென்யாவும் செஷல்ஸும் ஏற்று விசாரித்தன. சின்னத் தீவு நாடான செஷல்ஸ் அதைச் செய்ததை நான் மரியாதையோடு சொல்வேன்.

நம்முடைய கதையைக் கேளுங்கள். 1999 அக்டோபரில் இந்தோனேசியாவில் அலுமினியம் ஏற்றிக் கிளம்பிய ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் காணாமல் போனது. மாலுமிகள் 17 பேரையும் ரப்பர் மிதவையில் இறக்கிவிட்டார்கள், தாய்லாந்து மீனவர் கண்டு காப்பாற்றினார்கள். கப்பலுக்கு ‘மெகா ராமா’ என்று வேறு பெயர் எழுதி அரபிக் கடல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். நவம்பரில் நம் கடலோரக் காவல்படையின் தாராபாயும் கடற்படையின் பிரஹாரும் துரத்திப் பிடித்தன. அவர்கள் கப்பலுக்குத் தீ வைத்து மூழ்கடிக்கப் பார்த்தார்கள், நம் ஆட்கள் அணைத்து மும்பைக்கு இழுத்துவந்தார்கள். 15 பேர் மேல் வழக்கு. 2003-ல் தண்டனை கிடைத்தது, 2005-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் விடுதலை. கடற்கொள்ளைக்கென்றே ஒரு சட்டம் அப்போது நம்மிடம் இல்லை. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் கடற்கொள்ளை தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயுள் வரை தண்டனை, உயிர் போயிருந்தால் மரண தண்டனைகூடக் கொடுக்கலாம்.

அதன் பலனை 2024 மார்ச்சில் பார்த்தோம். முந்தைய டிசம்பரில் கடத்தப்பட்ட ‘ரூயன்’ என்ற மால்டா கொடிக் கப்பலைக் கொள்ளையர் தாய்க் கப்பலாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மறித்து, அளவாகச் சுட்டு ஸ்டியரிங்கைச் செயலிழக்க வைத்தது. இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தூரத்தில், விமானப்படையின் சி-17-லிருந்து கமாண்டோக்களும் படகுகளும் கடலில் குதித்தன. 40 மணி நேரம் நடந்தது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகளுக்கு ஒரு கீறல் இல்லை. அந்த 35 பேரையும் விட்டுவிடாமல் மும்பைக்குக் கொண்டுவந்து போலீசில் ஒப்படைத்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 2010 செப்டம்பரில் ‘அஸ்பால்ட் வெஞ்சர்’ கடத்தப்பட்டது. மொத்தம் 15 இந்தியர். 2011 ஏப்ரலில் பணம் கொடுத்த பிறகு 8 பேரைக் கப்பலோடு விட்டார்கள். மிச்சம் 7 பேரைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். இந்தியச் சிறையில் இருக்கும் எங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். அந்த 7 பேர் 2014 அக்டோபர் கடைசியில்தான் வெளியே வந்தார்கள். கொள்ளையரைப் பிடித்து வழக்குப் போடுவது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த முடிவின் பாரத்தை 7 குடும்பங்கள் தனியாகச் சுமந்தன என்பதும் உண்மை. வழக்குப் போடும் அரசே பிணைகளின் வீட்டுக்குச் சம்பளம், மருத்துவம், பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஏற்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: அந்நியக் கப்பல்கள் மீனைக் கொள்ளையடித்ததால்தான் சோமாலிய மீனவர் கொள்ளையரானார்கள் என்கிறார்களே?
*வாசகி, இராமேஸ்வரம்*

தொடக்கத்தில் உண்மை இருக்கிறது. 1991-ல் சியாத் பாரே ஆட்சி விழுந்ததும் அந்த நாட்டுக்குக் கடலோரக் காவலே இல்லாமல் போனது. வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் வந்து அள்ளின. அவற்றை மறித்துப் பணம் வாங்கியவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். இராமேஸ்வரத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

ஆனால் 2008-க்கு வரும்போது அது பணம் போட்டுப் பணம் எடுக்கும் தொழிலாகிவிட்டது. முதல் போட்டவன், படகு கொடுத்தவன், பேரம் பேசுபவன், கரையில் பிணைகளுக்குச் சாப்பாடும் காவலும் கடனுக்குத் தருபவன் என்று ஆளுக்கொரு பங்கு. 2005 முதல் 2012 வரை 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை பணம் கைமாறியது என்று உலக வங்கி ஆய்வு சொல்கிறது. படகில் வந்து உயிரைப் பணயம் வைத்த பையனுக்கு அதில் கிடைத்தது சொற்பம். அவர்கள் தாய்க் கப்பலாக்கியது யாருடைய படகுகளை? யேமன், ஈரான், தாய்லாந்து மீனவர் படகுகள், நம் குஜராத்துக்காரர்களின் மரக்கலங்கள். ஏழை மீனவனை இன்னொரு ஏழை மீனவன் பிணையாக வைத்த தொழிலை நியாயத்துக்கான போராட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஹூத்திகளும் கடற்கொள்ளையர்தானா?
*வாசகர், சேலம்*

இல்லை. ஹூத்திகள் செங்கடலில் கப்பல்கள் மேல் ஏவுகணை விட்ட யேமன் ஆயுதக் குழு. கொள்ளையன் பணத்துக்கு வருகிறான், கப்பல் முழுசாக இருந்தால்தான் அவனுக்கு லாபம். ஏவுகணை விடுபவனுக்கு அந்தக் கவலை இல்லை. சட்டமும் சொந்த லாபத்துக்காகச் செய்வதைத்தான் கொள்ளை என்கிறது. மாலுமிக்கு இதில் நடைமுறை வித்தியாசம் பெரிது. கொள்ளையர் வந்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் சிட்டடல் நல்ல இடம். ஏவுகணைக்கு அது நல்ல இடமில்லை, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கப்பலின் உள்பக்கமாக நடுவில் கூட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக டிரில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். போர்க்கப்பல்களின் கவனம் செங்கடலுக்குப் போன நேரம் பார்த்துத்தான் 2023 கடைசியில் சோமாலியக் கொள்ளையர் மறுபடி கிளம்பினார்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் போனால் ஆபத்து குறைவு? என் தம்பி ஆகஸ்டில் சைன் ஆன் செய்யப்போகிறான்.
*வாசகி, காரைக்கால்*

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சோமாலியக் கரைக்கு வெளியே கடல் கொந்தளிக்கும். ஸ்கிஃப் தாங்காது, ஏணி மாட்ட முடியாது. ஏடன் வளைகுடாவுக்குள் ஓரளவு ஒதுக்கு உண்டு, அங்கே அந்த நம்பிக்கை வேண்டாம். காற்று தணிந்து அக்டோபர் வந்துவிட்டால் மறுபடி நடமாட்டம் தொடங்கும். உங்கள் தம்பியின் காண்ட்ராக்ட் ஆறு மாதமோ ஒன்பது மாதமோ இருக்கும், ஆகஸ்டில் ஏறினாலும் அந்தக் காலம் அவன் கப்பலில் இருக்கும்போதே வரும். அதற்கு முன்பே சிட்டடல் டிரில் நடந்திருக்க வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் நடந்ததா என்று போனில் பேசும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடக்கவில்லை என்றால் சீஃப் ஆபீசரிடம் அவனே கேட்கலாம், அதில் தவறில்லை.